குழுவும் தவணையும் மனமும்

ஏழ்மை, கடன், வீட்டு வன்முறை, தனிமை, ஓய்வின்மை: மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வழிவிடும் காரணங்களில் இந்த ஐந்தும் முன்வரிசையில் நிற்கின்றன. இவற்றில் எதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் வந்து சேர்வதில்லை. அரசின் நலத்திட்டங்கள் தொட முயல்வதும் பெரும்பாலும் இவற்றைத்தான். ஆகவே மனநலத்தின் கணிசமான பகுதி மருத்துவமனைக்கு வெளியே, வட்டாட்சியர் அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் தீர்மானமாகிறது. ஒரு திட்டம் எவ்வளவு கொடுக்கிறது என்பதைப் போலவே, யார் பெயரில் கொடுக்கிறது, எந்த உறவை முன்னிட்டுக் கொடுக்கிறது, பதிலுக்கு என்ன வேலை வாங்குகிறது என்பவையும் பெறுபவரின் மனத்தில் பதிகின்றன.

இதைப் பார்ப்பதற்குத் தோதான இடம் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் ஒரு முனையில் ஓசூர்: சிப்காட் தொழிற்பேட்டை, கடிகாரம், மோட்டார் சைக்கிள், லாரி, இப்போது கைப்பேசி உதிரிபாகம். தெற்கே தென்பெண்ணைக் கரையில், கே.ஆர்.பி. அணைக்குக் கீழே, காவேரிப்பட்டினம்: மாந்தோப்பும் நெல்வயலும், மாம்பழக் காலத்தில் மட்டும் பெண்களுக்குக் கூலி தரும் மாங்கூழ் ஆலைகளும். மேற்கில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமங்கள். வயல், ஆலை, மலை ஆகிய மூன்றும் ஒரே ஆட்சியரின் கீழ் இருப்பதால், ஒரே திட்டம் மூன்று விதமான பெண்களிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

பாலினமும் மனநோயும் பற்றிய எண்கள் முதல் பார்வையில் ஏமாற்றும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதாவதொரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தார்கள். ஆண்களில் 13.9, பெண்களில் 7.5. பெண்களின் நிலை மேல் என்று இதைப் படித்துவிடக் கூடாது. குடி முதலான போதைப் பழக்கங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்ததால்தான் ஆண்களின் எண் உயர்ந்தது; மனச்சோர்வையும் பதற்றக் கோளாறுகளையும் தனியே எடுத்தால் பெண்களே அதிகம். குடிக்கும் கணவனும் உறக்கமில்லாத மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், கணக்கெடுப்பு அவர்களை இரண்டு தனித்தனி நோயாளிகளாகவே எழுதிக்கொள்கிறது.

தற்கொலைக் கணக்கும் இப்படித்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியாவில் பதிவான 1,64,033 தற்கொலைகளில் ஏறத்தாழ 1,19,000 பேர் ஆண்கள். பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,179 பேர் இல்லத்தரசிகள், அதாவது சரிபாதிக்குச் சற்று மேல். ஆனால் வயது குறையக் குறையப் படம் மாறுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி வட்டாரத்தில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களிடையே தற்கொலை இலட்சத்துக்கு 148 என்றும், அதே வயது ஆண்களிடையே 58 என்றும் தெரியவந்தது. வாழ்க்கையின் பெரிய முடிவுகள் ஒரு பெண்ணுக்காகப் பிறரால் எடுக்கப்படும் வயது அதுதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, இடுப்பு வலி, கை கால் ஓய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, வெள்ளைப்படுதல் என்று சொல்லித்தான் சீட்டு வாங்குகிறார். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வு, வெள்ளைப்படுதல் பற்றிய முறையீட்டுக்குத் தொற்றுநோயைவிட மன அழுத்தமும் குடும்பச் சூழலும் நெருக்கமான தொடர்புடையவை என்று காட்டியது. அப்படி வருபவருக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது சத்து மாத்திரையும் வலி மாத்திரையும். மருத்துவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க அவருக்கு நேரமும் இல்லை, கேட்டபின் அனுப்பிவைக்க இடமும் இல்லை.

பேறுகாலத்தில் இந்த இடைவெளி மிகக் கூர்மையாகத் தெரிகிறது. வேலூர்ப் பக்கத்துக் கிராமப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்குப் பதினொருவருக்குப் பேறுகாலத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டதைக் கண்டது. காரணங்களாக அது சுட்டியவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்து இழப்புகள், கைவேலைக்கு உதவ ஆளில்லாமை. இவற்றில் அரசின் பணம் நேரடியாகத் தொடுவது முதல் காரணத்தை மட்டுமே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று ஏறியது. தாயின் உணவுக்கும் இழந்த கூலிக்கும் அது பெரிய ஆதரவு. ஆனால் முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டும் என்பது அதன் விதி. இரண்டும் பெண்ணாகிவிட்டது என்பதற்காகவே மூன்றாவது கர்ப்பத்தைச் சுமக்க வைக்கப்படும் பெண், அதாவது அந்த ஆய்வு சுட்டும் ஆபத்து அதிகமுள்ளவர், உதவியின் வரம்புக்கு வெளியே போய்விடுகிறார். பெண் சிசுக்கொலைக்காக நாடெங்கும் பேசப்பட்ட பழைய தருமபுரி, சேலம் மாவட்டங்களுக்கு இது சிறிய விஷயமல்ல. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தருமபுரிக்கும் வந்தது. குழந்தையைத் தொட்டிலில் விட்டு வந்த தாயின் மனத்தைப் பற்றி அந்தத் திட்டத்தில் பேச்சே இல்லை.

தமிழ்நாட்டின் நலத்திட்டங்களுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. பெண்ணை அவை நீண்டகாலமாக ஓர் உறவின் பெயரால் அடையாளம் கண்டன: மனைவி, தாய், விதவை, கைவிடப்பட்டவர். முதியோர் உதவித்தொகை 1962இல் வந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை 1975இல். கணவனால் கைவிடப்பட்டோருக்கானது 1986இல். கடைசியாகச் சொன்னதன் நிபந்தனை கவனிக்கத்தக்கது. வயது 30 நிறைந்திருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ பிரிவுச் சான்றோ இல்லையென்றால், கணவன் விட்டுப்போய் ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். மனம் மிகவும் நொறுங்கும் காலம் அந்த முதல் ஐந்து ஆண்டுகள்தான். கணவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாத பெண், தாய்வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொண்டு, தான் கைவிடப்பட்டதை அலுவலகத்துக்கு நிரூபிக்க வேண்டியவராகிறார். உதவி கிடைப்பது எவ்வளவு ஆறுதலோ, அந்த நிரூபணம் அவ்வளவு அவமானம்.

இந்த இயல்பிலிருந்து விலகிய திட்டங்களும் உண்டு, விலகலின் பயனும் தெரிகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவி 1989இல் தொடங்கப்பட்டது. படிப்பை நிபந்தனையாக வைத்த முன்னோடி முயற்சி அது. 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. ஆனால் கல்யாணம் நடந்தால்தான் பணம். 2022 செப்டம்பர் 5 முதல் அதே அம்மையாரின் பெயரில் புதுமைப் பெண் திட்டமாக அது உருமாறி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயாகச் சேர்கிறது. குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மலைக்கிராமங்களில் இந்த மாற்றத்தின் எடை அதிகம். படிப்பை நிறுத்தி மகளுக்குக் கல்யாணம் பேசும் தகப்பனிடம், மாதந்தோறும் வரும் தொகையைக் காட்டித் தாய் ஒரு வாதத்தை முன்வைக்க முடிகிறது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இன்னொரு படி. ஏறத்தாழ 1.06 கோடிப் பெண்களுக்கு மாதந்தோறும் பணம் தருவதாக அது தொடங்கியது. வீட்டு வேலைக்கு விலை உண்டு என்ற வாதம் அதன் அடியில் இருக்கிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலைகளுக்குப் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள்; ஆண் 97 நிமிடம். இப்படி மாதந்தோறும் தவறாமல் வரும் பணம் மனத்தை எந்த அளவு தாங்கும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு: இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பத் தாய்மார்களுக்கு வழங்கப்பட்ட நிதி, அது சென்று சேர்ந்த பகுதிகளில் தற்கொலையை ஏறத்தாழ 18 விழுக்காடு குறைத்ததாக 2019இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆனால் உரிமைத் தொகையின் தொடக்க விதிகளில் ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். தாயின் அட்டையில் பெயர் உள்ள கைவிடப்பட்ட மகளுக்கு அங்கே இடமில்லை. உரிமை என்று பெயர் சூட்டிய பிறகும் அதன் அலகு பெண்ணாக மாறவில்லை, அட்டையாகவே நீடிக்கிறது.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மனநலக் கணக்கில் இதை யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கோ தாய்வீட்டுக்கோ போக யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடையாள அட்டைகூடத் தேவையில்லை என்பது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. எல்லைக்கு அப்பால் கர்நாடகம் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் தன் மாநிலத்துப் பெண் என்பதற்கு அட்டை கேட்கிறது.

இந்த மாவட்டத்துக்கே உரிய கதை மகளிர் குழுக்களுடையது. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு அரசுத் திட்டமாக முதலில் காலூன்றியது, கிருஷ்ணகிரியும் அடங்கிய அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. 1990களின் இறுதியில் அது மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. 12 முதல் 20 பெண்கள் கூடிச் சேமிப்பதும், சுழற்சியில் கடன் எடுப்பதும் அதன் வெளிப்படையான வேலை. வெளியில் தெரியாத வேலை வேறு: மாமியார் கேள்வி கேட்க முடியாத காரணத்தோடு வாரம் ஒருமுறை வீட்டை விட்டு வெளியே வந்து, பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது. அடி வாங்கியதைச் சொல்லவும், மகனின் குடியைச் சொல்லவும், வங்கி மேலாளர் முன் எழுந்து நிற்கவும் குழு கற்றுக்கொடுத்தது. மனநல ஆலோசகர் எவரும் எட்டிப் பார்க்காத ஊர்களில், துணை என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தப் பாய்விரிப்புதான்.

அதே குழு வடிவத்தை 2000களில் தனியார் நுண்நிதி நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஊர்ப்பேச்சில் இரண்டுக்கும் குழு என்றே பெயர், உள்ளடக்கம் நேர்மாறு. சேமிப்பு இல்லை, கடன் மட்டும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆறுதல் சொல்ல வந்த தோழியே, டியூ கட்டாத நாளில் வாசலில் உட்காரும் சாட்சியாகிறாள். ஒரு குழுவின் தவணைக்கு இன்னொரு குழுவில் கடன், அதற்கு நகை அடகு என்று போகும் சங்கிலியில் கையெழுத்து பெண்ணுடையது. செலவு பெரும்பாலும் குடும்பத்துடையது: மருத்துவம், கல்யாணம், ஆழ்துளைக் கிணறு. கடன் கணவனுக்காக வாங்கப்பட்டாலும் மானம் போவது மனைவிக்கே. 2010இல் ஆந்திரத்தில் வெடித்த நுண்கடன் நெருக்கடி இதன் விளைவை நாட்டுக்குக் காட்டியது. 2025இல் எல்லையின் இரு பக்கமும் சட்டம் வந்தது. கர்நாடகம் பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் ஏப்ரலில் வலுக்கட்டாயக் கடன் வசூலைக் குற்றமாக்கும் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. வசூல் கொடுமையால் நேரும் தற்கொலையைத் தற்கொலைத் தூண்டுதலாகக் கருத அதில் வழி உண்டு. கடன் வாங்க வைத்த தேவையை எந்தச் சட்டமும் தொடவில்லை. வீட்டுச் செலவுகளில் மருத்துவத்தின் பங்கைக் குறைப்பதே இந்த இடத்தில் பெரிய மனநல நடவடிக்கையாக இருக்கும்.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் வேறொரு பெண்ணை உருவாக்கியிருக்கின்றன. இந்தியாவின் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மின்னணு ஆலைகள் இருபது வயதை ஒட்டியவர்களைத் தேடி எடுக்கின்றன. 2021இல் போச்சம்பள்ளி மின் ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களாலேயே நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. சொந்தச் சம்பளமும் சொந்தக் கணக்கும் மனத்துக்குத் தரும் நிமிர்வை எளிதாக எண்ணக் கூடாது. கல்யாணத்தை நான்கு ஆண்டுகள் தள்ளிப்போடும் வலிமை அதில் இருக்கிறது. ஆனால் சுழலும் ஷிப்டு உறக்கத்தைக் குலைக்கிறது. விடுதியின் வெளியேறும் நேரம் கண்காணிக்கப்படுகிறது. சம்பளம் ஊரில் தம்பியின் படிப்பாக மாறுகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நடைமுறையிலோ, பிள்ளை பிறந்ததும் பெண் வேலையை விட்டு நின்றுவிடுவதால், காப்பகத்தின் தேவையே கண்ணில் படாமல் போகிறது.

ஆண்களின் மனநலத்தை நலத்திட்டங்கள் ஏறக்குறைய மறந்தே இருக்கின்றன. 2021 தற்கொலைக் கணக்கில் தினக்கூலிகள் 42,004 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வருமானம் நின்றுபோனால் தன் மதிப்பே போய்விட்டதாகக் கருதும்படி வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள். இவர்களின் துயரத்துக்கு அரசு நடத்தும் வாசல் ஒன்றே, அது டாஸ்மாக். 2003 இறுதி முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அதன் கையில். 2023-24இல் அதன் வழியே வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. இந்த இரண்டு எண்களும் ஒரே வீட்டின் இரண்டு பேரிடம் போய் முடிகின்றன. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். குடிநோய்க்கு மாவட்ட அளவில் தரமான சிகிச்சை கிடைத்தால் அதன் முதல் பயனாளி மனைவியாக இருப்பார்.

சிகிச்சைக்கான அமைப்பு தனி வழியில் வளர்ந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் தேசிய மனநலத் திட்டமும் ஒரே ஆண்டில், 1982இல், தொடங்கியவை. முன்னது ஊர்தோறும் ஒரு சமையற்கூடமாகவும் அதில் வேலை செய்யும் பெண்களாகவும் நின்றுவிட்டது. பின்னது நெடுங்காலம் காகிதத்தில் இருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல்தான் வந்தது, தமிழ்நாட்டில் திருச்சியில் முதலில். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்த பிறகே மாவட்டந்தோறும் மனநல மருத்துவர் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றது. கிருஷ்ணகிரிக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவரை வசதியுள்ளவர் பேருந்தேறிப் போனது நிம்ஹான்ஸுக்கு. பெங்களூரில் அது இருப்பதும் ஓசூர் சாலையில்தான். இன்று 14416 என்ற எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். தனிக் கைப்பேசி இல்லாத, பேசத் தனி அறையும் இல்லாத பெண்ணுக்கு அந்த எண் பாதி வழிதான்.

மீதி வழியைக் கடக்க ஆள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தூக்கம் வருகிறதா, யாரிடமாவது மனம்விட்டுப் பேச முடிகிறதா என்று கேட்கப் பழக்கினால், அவர்களைவிட நெருக்கமான ஊழியர் எந்தத் துறையிலும் இல்லை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, மருத்துவமனை வளாகத்து மரபெஞ்சில் பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்காரவைத்து நடத்தும் ஆலோசனை மனச்சோர்வைக் குறைத்தது. பாகிஸ்தான் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு தாய்மார்களின் மனச்சோர்வைக் குறைத்ததும் ஆய்வில் உறுதியானது. ஒரு எச்சரிக்கை தேவை. தன்னார்வலர், அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், காலை உணவு சமைக்கும் குழுப் பெண் என்று, நலத்திட்டத்தின் பெறுநர் மட்டுமல்லாமல் அதன் மலிவான உழைப்பாளியும் பெண்ணே. ஊக்கத்தொகைக்கு இன்னொரு பதிவேட்டையும் அவர் தலையில் ஏற்றினால், மனஅழுத்தம் இடம் மாறுமே தவிரக் குறையாது.

பாலினம் என்பது இரண்டோடு முடிவதில்லை. திருநங்கையர் நல வாரியத்தை 2008 ஏப்ரலில் தமிழ்நாடுதான் முதலில் அமைத்தது. அட்டை, உதவித்தொகை, அறுவை சிகிச்சை வசதி என்று அது தந்தவை பல. வீட்டை விட்டு விரட்டப்பட்ட பதின்ம வயதின் காயத்துக்கு அதில் எதுவும் மருந்தல்ல. மருத்துவமே காயப்படுத்திய காலமும் உண்டு. பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் தடை விதித்தார்.

வடமாநிலங்களிலிருந்து ஓசூர் ஆலைகளுக்கு வரும் இளம்பெண்களை இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை எட்டுவதில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்தவருக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இல்லை. ஆகவே உரிமைத் தொகை இல்லை, மகளிர் குழு இல்லை, வீடு தேடி வரும் தன்னார்வலருடன் பேச மொழியும் இல்லை. ரேஷன் அரிசி எந்த மாநிலத்திலும் கிடைக்கும் என்றாக்கிய ஏற்பாடு அரிசியோடு நின்றுவிட்டது. அவருக்கு மிஞ்சுவது சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் ஈ.எஸ்.ஐ. காப்பீடு ஒன்றுதான். அதைக் கொண்டு மருந்தகத்துக்குப் போக ஷிப்டில் விடுப்பும் விடுதியில் அனுமதியும் வேண்டும். போனபின் தன் மொழியில் கேட்க ஒருவர் வேண்டும். விடுதிகளை நடத்தும் ஆலைகளும், அவற்றுக்கு உரிமம் தரும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து இந்தி, ஒடியா பேசும் ஆலோசகர்களை அங்கேயே அமர்த்துவது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல.